எழுதிக் குடுத்துட்டேன்

அப்பா,

இன்று மத்தியானம் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே அம்மன் கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுகிறார்கள். தூக்கோடும் சொம்போடும் வரிசை ரோடு வரைக்கும் வந்துவிட்டது, ஸ்பீக்கர் காதைக் கிழிக்கிறது. புளித்த கேழ்வரகு வாசனை கடைக்குள் வந்தது. அந்த வாசனை வந்தால் நான் இடத்தைக் காலி செய்துவிடுவது வழக்கம். இன்று முடியவில்லை, எட்டுப் பக்கம் பிரிண்ட் வர வேண்டியிருந்தது. ஏழாவது பக்கம் சூடாக வெளியே வந்தபோது அதில் உன் கையெழுத்து இருந்தது.

நீ போய் ஒன்பது வருடம் ஆகிறது. உன் கையெழுத்து உள்ள தாள் எதுவும் வீட்டில் இல்லை. ரேஷன் கார்டில்கூட அம்மாவின் கைநாட்டுதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்கு மனுப் போடுகிறேன். அவர்கள் படிவத்தில் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள்: படிக்கும் காலத்தில் ஒழுங்கு நடவடிக்கை ஏதேனும் எடுக்கப்பட்டதா, ஆம் எனில் காரணம் என்ன, சான்று இணைக்கவும். இந்தக் கேள்விக்குப் பயந்தே இதற்கு முன் மூன்று நல்ல வேலைகளை விட்டிருக்கிறேன். இந்த முறை எதற்கோ ரோஷம் வந்து பல்கலைக்கழகத்துக்கு மெயில் போட்டேன். என்னைப் பற்றிய கோப்பை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்கள். படித்த காலத்தில் ஒரு மார்க் பட்டியல் வாங்க நாலு ஜன்னலுக்கு அலையவிட்டவர்கள், இதை மட்டும் இரண்டே நாளில் அனுப்பினார்கள்.

உனக்கு எழுத உட்கார்ந்ததும் ‘நீங்கள்’ என்று ஆரம்பித்து அடித்தேன். வீட்டில் நான் உன்னை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டேன். நம் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரே ஒரு முறை உன்னை ‘நீங்க’ என்றேன். அது எங்கே, எதற்கு என்று உனக்கும் தெரியும். அதனால் இங்கே ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

உன்னை நினைத்தால் முதலில் உன் மூக்குதான் நினைவுக்கு வருகிறது. நம் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் தறி, மற்ற அப்பாக்கள் பட்டு நூலைத் தொட்டுப் பார்த்துப் பேசுவார்கள். நீ ரைஸ்மில்லில் தொட்டி ஆள். நெல்லை ஊற வைக்கும் சிமெண்டுத் தொட்டிகள் ஒன்பது, அத்தனைக்கும் நீதான் பொறுப்பு. கொஞ்சம் கூட ஊறினால் தண்ணீர் புளித்து, அவித்த அரிசியில் நாற்றம் ஏறிவிடும். நீ தொட்டி ஓரத்தில் குனிந்து ஒரு மோப்பம் பிடிப்பாய். பிறகு பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாய். ‘மோந்து பாத்தன். புளிக்கல.’ அதற்குக் கீழே உன் பேரின் முதலெழுத்து. ஐந்தாம் வகுப்போடு நின்ற எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். மில் முதலாளி வருவார், சுவரைப் படிப்பார், போய்விடுவார். “நீ எழுதிட்டன்னா நான் மோந்து பாக்கத் தேவையில்லய்யா” என்று அவர் சொன்னதை நீ அம்மாவிடம் நூறு தடவை சொல்லியிருப்பாய்.

அந்தச் சாக்பீஸ் நடுவில் பல வருடம் உன்னிடம் இல்லை. குடி உன் மூக்கை மந்தமாக்கிவிட்டது. இரண்டு தொட்டி நெல் உன்னால் வீணானதும் உன்னை மூட்டை தூக்க அனுப்பிவிட்டார்கள். நான் பிறந்த வருடம் ஆரம்பித்த குடி அது. நீ வீட்டில் யாரையும் அடித்ததில்லை, பாத்திரத்தை விட்டெறிந்ததில்லை. வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாய். எனக்கு அதுவே போதுமான கேவலமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாராவது உங்கப்பா என்ன வேலை என்று கேட்டால் பேச்சை மாற்றுவேன்.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் நீ விட்டாய். எந்த முகாமுக்கும் போகவில்லை, மாத்திரை இல்லை. ஓர் ஆடி வெள்ளிக்கிழமை அம்மா உன்னைப் படவேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரேணுகாம்பாள் சந்நிதியில் நீ எதுவும் வேண்டிக்கொள்ளவில்லையாம், அழுதாயாம். திரும்பும் பஸ்ஸில், “இன்னியோட சரி” என்றாயாம். அம்மா நம்பவில்லை. ஆனாலும் தன் பங்குக்கு ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டாள். ஒரு வருடம் தாண்டினால் அடுத்த ஆடியில் கூழ் ஊற்றுவது, நம் தெருவுக்கும், மில்லுக்கும், நான் படிக்கிற இடத்துக்கும். “பெத்தவன் திருந்தினது புள்ள இருக்கற எடத்துலயும் தெரியணும்” என்றாள்.

வருடம் தாண்டிவிட்டது. மூக்கு திரும்பி வந்தது. சாக்பீஸும் திரும்பி வந்தது. நான் ஊருக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ என்னை மில்லுக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாய். ஒன்பது தொட்டியிலும் உன் எழுத்து. நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே “சரிப்பா” என்றேன்.

இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ அதை ஒரே ஒரு நாள்தான் பார்த்தாய். நான் நாலு வருடம் பார்த்தேன், ஒரு பருவம் நீங்கலாக.

பையன்கள் ஏறும் படிக்கட்டு வேறு, பெண்கள் ஏறும் படிக்கட்டு வேறு. கேன்டீன் நடுவில் ஸ்டீல் தடுப்பு. வகுப்புத் தோழியிடம் நோட்டு வாங்க வேண்டுமானால் ஆசிரியர் மேஜையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து நடந்தால் காவலாளி விசில் ஊதுவார். நாலு பேருக்கு மேல் கூடி நிற்க அனுமதி வாங்க வேண்டும். பிறந்தநாளுக்கு கேக் வெட்டினால் குற்றம், ஏனென்றால் கேக் வெட்டினால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாலை ஆறு மணிக்கு விடுதி கேட்டில் ஒரு மெஷினை வாயில் வைத்து ஊதச் சொல்வார்கள். பேரே ‘ஊது மெஷின்’தான்.

இதனால் யாரும் குடிக்காமல் இருந்தார்கள் என்று நினைக்காதே. குடிக்க நினைத்தவன் சனிக்கிழமை வெளியே போய்க் குடித்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் சுத்தமாக ஊதினான். கேட்டுக்கு எதிரிலேயே ஒயின் ஷாப் இருந்தது. மேலிடத்து விருந்து நடந்த மறுநாள் விருந்தினர் மாளிகைக்குப் பின்னால் துப்புரவு அக்காக்கள் காலி பாட்டில் பொறுக்குவதை நாங்கள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறோம். விருந்தில் குடித்தவர்களை ஊதச் சொல்ல மெஷின் கிடையாது. விதி எங்களுக்குத்தான். அதிலும் ஒழுங்காக ஒளியத் தெரியாத எங்களைப் போன்ற மக்குகளுக்கு.

மக்கு வேலையைத்தான் செய்தேன். ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை அம்மா ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனில் கூழை ஊற்றிக் கொடுத்தாள். மோர் கலந்து, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு. ஆரணியில் விடியற்காலை பஸ் ஏறி, ஆற்காட்டில் மாறி, வெயிலில் அந்த கேன் குலுங்கிக்கொண்டே வந்தது. மத்தியான இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டுப் புங்கமரத்தடியில் எங்கள் வகுப்பில் ஆறு பேரை உட்கார வைத்தேன். நாலு பையன்கள், இரண்டு பெண்கள். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று நுரை பொங்கி என் சட்டை நனைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தேன். வெம்பாக்கத்து ஸ்டெல்லா மட்டும் மூன்று கப் வாங்கிக் குடித்தாள். “எங்க வீட்டாண்ட ஊத்துவாங்க, எங்கப்பா போவ உட மாட்டாரு” என்றாள். அவள் அப்பா ஸ்கூல் வாத்தியார், கண்டிப்பானவர். அந்தப் பத்து நிமிடம் அந்த இடத்தில் நான் படித்த வருடங்களிலேயே நல்ல பத்து நிமிடம்.

விசில் கேட்டது. காவலாளி புதிது, வடநாட்டுக்காரர். பையன்களும் பெண்களும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் கேன், கையில் கப், புளிப்பு வாசனை, நுரை. பின்னாலேயே ஒழுங்கு அலுவலர் வந்தார்.

“குடிச்சீங்களா?” என்றார்.

அம்மனுக்கு வேண்டிக்கொண்ட கூழை எடுத்துப் போனவன் என்ன சொல்வானோ அதைத்தான் சொன்னேன். சந்தோஷமாக, பெருமையாக, கப்பை நீட்டிக்கொண்டே.

“குடிச்சோம் சார். நெறைய கீது. நீங்களும் குடிங்க சார்.”

கூழ் ஊற்றும் இடத்தில் யார் வந்தாலும் நீட்ட வேண்டும் என்பதுதான் நம் பக்கத்துப் பழக்கம். அந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை நாள் என் வாயில் நானே அடித்துக்கொண்டிருக்கிறேன். ‘கூழ்’ என்ற சொல்லை அதில் சேர்க்கவில்லை. கூழைக் குடிப்பதற்கும் மற்றதைக் குடிப்பதற்கும் நமக்கு ஒரே சொல்தானே.

மெஷினை வரவழைத்து ஊதச் சொன்னார்கள். வாயில் கூழ் ஈரம் காயவில்லை. ஏதோ ஒரு புள்ளி காட்டியது. நான் கூழ் கூழ் என்று கத்தினேன். அலுவலர் கேனை மோந்து பார்த்தார். அவரும் இந்தப் பக்கத்து மனிதர்தான், அது என்னவென்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. “கூழா கள்ளான்னு ஆராய்ச்சி பண்ண நான் வரல. மெஷின் காட்டுது. பொண்ணுங்களோட கூட்டம் போட்டிருக்கீங்க. ஏழு வீட்டுக்கும் போன் போடு” என்றார்.

ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் ஒரு விசில் ஊதினார்கள். “எங்க வீட்ல மட்டும் சொல்ல வேணாம்டா, படிப்ப நிறுத்திடுவாரு” என்று அழுதாள். அலுவலரே வழி சொன்னார். ஒருத்தன் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் மற்றவர்களுக்கு எச்சரிக்கையோடு போகும். நான் முதலில் ‘கூழ் குடித்தேன்’ என்று எழுதினேன். கிழித்துப் போட்டார். “நக்கலா?” என்றார். இரண்டாவது தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘வளாகத்துக்குள் மது கொண்டு வந்து அருந்தியதை ஒப்புக்கொள்கிறேன்.’ அந்த எழுத்து இந்தக் கோப்பில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. கோணல் மாணல் இல்லாமல், நன்றாகவே எழுதியிருக்கிறேன்.

பொய்தான். ஸ்டெல்லாவுக்காகச் செய்தேன் என்று இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதிப் பாதி, அந்த அறையை விட்டு எப்படியாவது வெளியே போனால் போதும் என்ற பயம்.

மில்லுக்குப் போன் போட்டு உன்னை வரச் சொல்லிவிட்டார்கள். நீ நாலு மணிக்கு வந்தாய். தொட்டியிலிருந்து அப்படியே வந்திருந்தாய், லுங்கி முழங்கால் வரைக்கும் ஈரம், தலையில் உமி. காவலாளி கேட்டில் நிறுத்தி லுங்கியோடு உள்ளே விட முடியாது என்றதும் யாரிடமோ பேன்ட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாய். இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றாய். அலுவலருக்கு முன்னால் மூன்று நாற்காலி காலியாக இருந்தது. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அறைக் கதவு திறந்திருந்தது, வெளியே என் வகுப்பு முழுக்க நின்றது.

நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மேஜைமேல் சாட்சிப் பொருளாக வைத்திருந்த கேனின் மூடியைத் திறந்து, தொட்டிக்குக் குனிவதுபோலக் குனிந்து மோந்தாய். பிறகு என் பக்கம் வந்து என் வாயருகே மோந்தாய். அத்தனை பேர் முன்னால். எனக்கு உடம்பு கூசியது.

“இது கூழு சார்” என்றாய். “ஊட்ல செஞ்சது. பஸ்ல வந்ததுல ஜாஸ்தி புளிச்சிட்டுது. அவ்ளோதான்.”

“உங்க பையனே எழுதிக் குடுத்துட்டான்” என்று என் தாளைத் தூக்கிக் காட்டினார் அலுவலர். “நீங்க என்ன, வந்து புதுசா சொல்றீங்க?”

“அவன் பயந்துகினு எழுதியிருப்பான் சார். எனக்கு வாசனை தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

நீ ஒரு நிமிடம் கதவுப் பக்கம் பார்த்தாய். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னாய்.

“நான் குடிகாரன் சார். பதினெட்டு வருஷம் குடிச்சவன். போன ஆடியில உட்டேன். அந்த வாசனை எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? இது அது இல்ல சார்.”

அலுவலர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஓ, அப்ப பாடம் வீட்டிலேயே நடந்திருக்கு” என்றார். குமாஸ்தா சிரித்தார். வெளியேயும் யாரோ சிரித்தார்கள். படிவத்தில் ‘குடும்பத்தில் மதுப்பழக்கம்’ என்று ஒரு வரி உண்டு. அதில் ‘ஆம்’ என்பதற்கு டிக் போட்டார். அந்த டிக்கை இன்று பார்த்தேன். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டிருக்கிறார்.

நீ மறுபடியும் வாயைத் திறந்தாய். அப்போதுதான் நான் சொன்னேன்.

“அப்பா, பேசாதீங்க. கையெழுத்துப் போடுங்க. போலாம்.”

‘நீங்க.’ வெளியே நிற்கிறவர்களுக்கு நீ யாரோ, நான் யாரோ என்று காட்டத்தான் அந்த மரியாதை. உனக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு கேனை மூடினாய், ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே மறு கையால் பேனாவை எடுத்தாய், மேஜைமேல் குனிந்தாய்.

ரொம்ப நேரம் ஆனது. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று எனக்கு எரிச்சல். கையெழுத்துப் போடக்கூடத் தெரியாத அப்பா என்று வெளியே நினைப்பார்களே என்று எரிச்சல். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், உன் கையைப் பார்க்கவில்லை. நீ நிமிர்ந்ததும் குமாஸ்தா தாளை இழுத்து, படிக்காமல், டமாரென்று ரப்பர் முத்திரை குத்தினார். எனக்கு ஒரு பருவம் இடைநீக்கம்.

ஆற்காடு வரைக்கும் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பாதிக் கூழோடு கேன் உன் மடியில் இருந்தது. “சாப்ட்டியா?” என்று ஒரு தடவை கேட்டாய். நான் செல்போனை எடுத்துக்கொண்டேன். ஆற்காட்டில் இறங்கி, என்னை ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, “நீ முன்னாடி போ, ஜல்தியா வந்துடறேன்” என்றாய். கேனை என் கையில் கொடுத்தாய். நீ எங்கே போகிறாய் என்று எனக்குத் தெரியும். “வேணாம்பா” என்று கையைப் பிடித்திருக்கலாம். நான் கேனைச் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் புறப்பட்டுவிட்டது. அன்று நீ வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாய். அம்மா என்னைத்தான் திட்டினாள், உன்னைத் திட்டவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம். சாக்பீஸ் போயிற்று. மூட்டை தூக்கவும் தெம்பில்லாமல் போயிற்று. குடித்திருக்கும்போது நீ ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாய். “நானும் எழுதிக் குடுத்துட்டேன்டா.” சாப்பாடு வைத்தாலும் அதுதான், கதவைத் திறந்தாலும் அதுதான். “நானும் எழுதிக் குடுத்துட்டேன்.”

எனக்கு அது குத்திக்காட்டுவதாகவே பட்டது. செய்யாத தப்புக்கு உன்னையும் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன் என்று தினமும் சொல்லிக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். படிப்பு முடியும் நேரத்தில் வளாக நேர்காணலில் என் பேரை நன்னடத்தைக் குறிப்பால் நீக்கிய அன்று வீட்டுக்கு வந்து வெடித்தேன்.

“உன்னாலதான். நீ குடிகாரன்னு அங்க சொல்லாம இருந்தா ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும்.”

நீ தரையைப் பார்த்துக்கொண்டு, “நானும் எழுதிக் குடுத்துட்டேன்டா” என்றாய்.

“ஆமா, குடுத்துட்ட! கையெழுத்து போட்டு குடுத்துட்ட! அத எத்தினி தடவ சொல்லுவ? பேஜாரா கீதுப்பா உன்னோட!”

அதற்குப் பிறகு நீ அதைச் சொல்லவே இல்லை. நான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டேன்.

வயிறு வீங்கி அரசு ஆஸ்பத்திரியில் கிடந்த பன்னிரண்டு நாளில் நீ பேசியது கொஞ்சம். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சாத்துக்குடி வந்தால் அழுகலா இல்லையா என்று கட்டிலில் இருந்தபடியே மோந்து சொன்னாயாம், நர்ஸ் அம்மாவிடம் ஆச்சரியப்பட்டாள். அத்தனை குடித்தும் மூக்கு கடைசியில் எப்படியோ திரும்பி வந்திருந்தது. பதிமூன்றாம் நாள் நீ இல்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் குடியாலதான் போனான் என்றார்கள். நானும் தலையாட்டினேன். மில் முதலாளி மட்டும் அதைச் சொல்லவில்லை. ஒரு மாலை போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

இப்போது ஏழாவது பக்கத்துக்கு வருகிறேன்.

‘பெற்றோர் உறுதிமொழி’ என்று தலைப்பு. ‘என் மகன் மது அருந்திய குற்றத்தை நான் அறிவேன், ஏற்கிறேன்’ என்று அச்சடித்திருக்கிறது. அடியில் ஒரு கோடு, கையெழுத்துக்கு. அந்தக் கோட்டில் உன் பேர். கோட்டுக்கு மேலே, அச்செழுத்துக்கும் உன் பேருக்கும் நடுவில் கிடைத்த விரல் அகல இடத்தில், தனித்தனியாக நிற்கும் உன் எழுத்து.

‘மோந்து பாத்தன். சாராயம் இல்ல. கூழ்தான்.’

அதன்மேல் பாதியை மறைத்துக்கொண்டு ஊதா நிறத்தில் வட்ட முத்திரை. முத்திரையில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று இருக்கிறது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு ஆள்கூட அதைப் படிக்கவில்லை. முத்திரை குத்தியவர் படிக்கவில்லை, கோப்பில் சேர்த்தவர் படிக்கவில்லை, நேர்காணலில் என் பேரை நீக்கியவர்கள் படிக்கவில்லை, ஸ்கேன் செய்தவரும் படித்திருக்க மாட்டார். பக்கத்திலேயே நின்ற நானும் படிக்கவில்லை.

கடைக்காரப் பெண், “அண்ணா, பிரிண்ட் சரியா வரலையா?” என்று கேட்டாள். சரியாக வந்திருக்கிறது என்றேன். அழுதுகொண்டே சொன்னேன் போலிருக்கிறது, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

நேராக வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் ராட்டையை நிறுத்தினாள். தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் உன் எழுத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

“நெதமும் சொல்லிகினுதான இருந்தாரு” என்றாள். “இன்னா எழுதினன்னு நீயும் கேக்கல, நானும் கேக்கல.”

அவள் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ராட்டையைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள், நூல் இரண்டு முறை அறுந்தது.

கம்பெனிப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் உன் மூன்று வாக்கியத்தையும் உன் எழுத்துப்படியே அடித்துவிட்டேன். ஏழாவது பக்கத்தைச் சான்றாக இணைத்துவிட்டேன். வேலை கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். சாராயம், கூழ் என்று எழுதியிருப்பதைப் பார்த்து அங்கேயும் யாராவது நக்கலா என்பார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கோபம் நிறைய இருக்கிறது, அந்த அலுவலர்மேல், அந்த மெஷின்மேல், நாலு பேர் கூடி உட்கார்ந்தால் குற்றம் என்று எழுதிவைத்த கைமேல். ஆனால் அந்த அறையில் உன்னைப் பேசாதே என்று சொன்னது அவர்கள் யாரும் இல்லை. நான்.

நீ பேசாமல் எழுதிவிட்டாய். அதை நான் கேட்பேன் என்று மூன்று வருடம் எனக்கு வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தாய். ஒரே வீட்டில், ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, மூன்றே மூன்று சொல் என் வாயில் வரவில்லை. இப்போது அதைத்தான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னாப்பா எழுதிக் குடுத்த?